எண்ணெய்ப் புகையும் எஸ்டிமேட்டும்

தொழிற்சாலையில் எழும் எண்ணெய்ப் புகையைப் பிடித்துக் காற்றைச் சுத்தம் செய்யும் யந்திரத்திற்கு என்ன செலவாகும் என்று கேட்கும் முதலாளிக்கு வியாபாரிகள் அளிக்கும் பதில் மிகச் சுருக்கமானது. நிமிஷத்திற்கு இத்தனை கன அடி காற்று, அதற்கு இத்தனை ரூபாய் என்று ஒரு காகிதம் வந்து சேருகிறது. அத்தகைய மூன்று காகிதங்களை அருகருகே வைத்து, தொகை குறைந்த ஒன்றில் கையெழுத்திடுவது நம் தேசத்தில் வழக்கமாகிவிட்டது. அவ்விதம் வாங்கிய பெட்டி ஒரு மூலையில் உறுமிக்கொண்டிருக்க, புகையோ முன்போலவே கூரையின் கீழ் தவழ்ந்துகொண்டிருப்பதைப் பட்டறைகளுக்குப் போய் வருவோர் கண்டிருப்பர். பெரும்பாலும் குற்றம் பெட்டியின் மீது இல்லை. மதிப்பீடு போட்ட முறையின் மீதே என்பது நமது அபிப்பிராயம். இது எஞ்சினீயர்களின் தனி விவகாரம் என்று பொதுஜன ஊழியர்கள் ஒதுங்கிவிடலாகாது. அந்தக் காகிதத்தில் எழுதாமல் விட்ட தொகையைத் தொழிலாளியின் நுரையீரல் செலுத்துகிறது.

முதலில் புகையின் ஜாதியை அறிய வேண்டும். லேத்திலும் கிரைண்டிங் யந்திரத்திலும் சுழலும் உலோகத்தின் மீது எண்ணெயைப் பாய்ச்சும்போது அது சிதறித் துளிகளாகிறது. இத்துளிகள் பெரியவை, கம்பிவலைப் பில்டரே இவற்றில் பெரும் பகுதியைத் தடுத்துவிடும். வெட்டுமுனையின் கொதிப்பில் ஆவியாகி, உடனே குளிர்ந்து திரளும் எண்ணெயின் சங்கதி வேறு. அதன் துளி ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு மைக்ரான். கண்ணுக்கு நீலப் புகையாகத் தெரிவது இதுவே. வலைக்குள் புகுந்து அப்பால் போவதும், மூச்சுடன் நுரையீரலின் கடைசி அறை வரையில் செல்வதும் இதுவே. பழுக்கக் காய்ச்சிய எஃகை எண்ணெய்த் தொட்டியில் அமிழ்த்தித் தோய்ச்சல் கொடுக்கும்போது எழுவதும் பெரிதும் இந்த ஜாதிதான். துளிக்குப் போட்ட எஸ்டிமேட்டைப் புகைக்குப் பயன்படுத்துகிறவர், கொசுவைத் தடுக்க ஜன்னலுக்கு இரும்புக் கம்பி வைத்தவராவார்.

அடுத்தது, எவ்வளவு காற்றை இழுப்பது என்ற கேள்வி. செலவின் வேர் இங்கேதான் இருக்கிறது. உறிஞ்சும் குழாயின் வாய், புகை பிறக்கும் இடத்திலிருந்து எத்தனை தூரத்தில் இருக்கிறது என்பதை வியாபாரியின் காகிதம் பெரும்பாலும் சொல்வதில்லை. ஊதும் காற்று நெடுந்தூரம் பாயும். உறிஞ்சும் காற்றோ வாயை விட்டுச் சற்று விலகியதுமே வலுவிழந்துவிடும். டல்லாவல்லே என்ற அமெரிக்க அறிஞர் 1930-களில் இதற்கொரு சூத்திரம் வகுத்தார். தூரத்தின் வர்க்கத்தைப் பத்தால் பெருக்கி, வாயின் பரப்பைக் கூட்டி, புகை பிறக்குமிடத்தில் வேண்டிய வேகத்தால் பெருக்கினால் இழுக்கவேண்டிய காற்று கிடைக்கும்.

நேயர்கள் எங்களோடு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கக் கோருகிறோம். வாயின் பரப்பு சதுர மீட்டரில் பத்தில் ஒன்று. வேண்டிய வேகம் வினாடிக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வாய் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால் மணிக்கு 1,800 கன மீட்டர் காற்று போதும். 60 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் 6,660 கன மீட்டர் வேண்டும். தூரம் இரட்டித்தது, காற்றோ 3.7 மடங்காயிற்று. பெட்டியின் விலை அதே வீதத்தில் ஏறுவதில்லை என்பது உண்மையே. யந்திரத்தின் கொள்ளளவு இரட்டித்தால் விலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கே ஆகும் என்ற தோராய விதியை 1947-இல் வில்லியம்ஸ் என்பவர் ரசாயன எஞ்சினீயர்களுக்கு எடுத்துக்காட்டினார். அதன்படி பார்த்தாலும் இங்கே பெட்டியின் விலை இரண்டு மடங்குக்கு மேல் போய்விடுகிறது.

மின்சாரம் இத்தகைய சலுகை எதுவும் காட்டாது. காற்றின் வழியிலுள்ள தடை 1,000 பாஸ்கல் என்றும், விசிறியும் மோட்டாரும் சேர்ந்து 60 சதவீதத் திறனுடையவை என்றும், இரண்டு ஷிப்டாக வருஷத்தில் 4,800 மணி நேரம் ஓடுவதாகவும், யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றும் கணக்கிற்காகக் கொள்வோம். சமீபமான வாய்க்கு வருஷத்தில் 4,000 யூனிட்; 32,000 ரூபாய். தூரமான வாய்க்கு 14,800 யூனிட், 1,18,400 ரூபாய். இரண்டுக்கும் வித்தியாசம் 86,400 ரூபாய், அதுவும் ஒவ்வொரு வருஷமும். பத்து வருஷத்தில் 8,64,000 ரூபாய். இத்தனை பணமும் 30 சென்டிமீட்டர் தகடு வேலையில் அடங்கிக் கிடக்கிறது! வாயைச் சுற்றி ஒரு தட்டையான விளிம்பு அடித்துவிட்டாலே வேண்டிய காற்றில் ஏறக்குறைய கால் பங்கு குறையும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், மோட்டார் வியாபாரியைவிடத் தகரக் கொல்லனிடம் முதலில் யோசனை கேட்பதே உத்தமம்.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14-வது பிரிவை வகுத்தவர்கள் இதை அறிந்தே இருந்தனர். உறிஞ்சு கருவி அவசியமாகுமிடத்தில், தூசியும் புகையும் பிறக்கும் இடத்திற்கு இயன்றவரை சமீபமாக அதை வைக்கவேண்டும், அவ்விடத்தை இயன்றவரை மூடவும் வேண்டும் என்று அப்பிரிவு விதித்தது. தொழிலாளர் சட்டங்கள் இப்போது புதிய தொகுப்புகளாக உருமாறியிருக்கின்றன. ஆயினும் அப்பிரிவின் பின்னே நின்ற இயற்கை விதியை ரத்துச் செய்ய எந்தப் பார்லிமெண்டுக்கும் அதிகாரமில்லை.

தோய்ச்சல் தொட்டிக்கு மேலே உயரத்தில் குடைபோன்ற மூடியைத் தொங்கவிடுவது பல பட்டறைகளின் ஏற்பாடு. சூடான புகை தானாகவே மேலேறுமாதலால் அது மலிவாகத் தோன்றுகிறது. தொட்டியின் மீது குனிந்து நிற்பவனுடைய முகம், தொட்டிக்கும் குடைக்கும் நடுவில் இருப்பதை மதிப்பீட்டாளர் மறந்துவிடுகிறார். புகை அவன் மூக்கைக் கடந்த பிறகே குடையை அடைகிறது. தொட்டியின் ஓரத்தில் நீண்ட பிளவு வைத்துப் பக்கவாட்டில் இழுத்தால் இந்த அநியாயம் நேராது. வெப்பம் தாளாமல் நம் தொழிலாளர்கள் வைத்துக்கொள்ளும் பெடஸ்டல் விசிறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் வீச்சுக்கு முன் உறிஞ்சுவாயின் அரை மீட்டர் வேகம் எதிர்நிற்க மாட்டாது. விசிறியை நிறுத்து என்று கட்டளையிடுவது சுலபம். கொட்டகையின் உஷ்ணத்தைத் தணிக்கும் செலவையும் எஸ்டிமேட்டில் சேர்ப்பதுதான் நியாயம்.

பெட்டிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மின்னூட்டி வகையில் காற்றுக்குத் தடை சொற்பம்; மின்செலவும் குறைவு. ஆனால் தகடுகளில் எண்ணெய்ப் பிசின் படியப் படியப் பிடிக்கும் சக்தி குன்றும். கழுவுவதற்கு ஆளும் நாளும் ஒதுக்காதவர் அதை வாங்காதிருப்பதே மேல். நார்ப் பில்டர் வகை கவனக்குறைவைச் சற்றுப் பொறுக்கும்; அதற்குப் பதிலாகத் தடை ஏறிக்கொண்டே போகும். தடை இரட்டித்த பின்னும் அதே காற்றை இழுக்கவேண்டுமானால் மின்செலவும் இரட்டிக்கும். கடைசியாக வைக்கும் ஹெபா பில்டர் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். எனினும் இவையெல்லாம் திரண்ட துளிகளையே பிடிக்கும். காற்று சூடாக உள்ளே போனால், ஆவியாக உள்ள எண்ணெய் ஹெபாவையும் கடந்து அப்பால் போய்த் திரளும். ஆகையால் குளிர வைக்கும் செலவும் உண்டு. எண்ணெய் படிந்த குழாயில் தீப்பொறி விழுந்தால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. சரிவாக அமைத்த, ஒழுகாத குழாயும், வடிகாலும், தீத்தடுப்பும் கணக்கில் வரவேண்டும். பிடித்த எண்ணெயையும் ஊறிய பில்டரையும் சாக்கடையில் விட முடியாது. 2016-ஆம் வருஷத்து அபாயக் கழிவு விதிகள் குறுக்கே நிற்கின்றன.

இவற்றையெல்லாம் கூட்டினால் தொகை எங்கே போகும்? அமெரிக்கச் சர்க்காரின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஸ்தாபனம் வெளியிட்ட விலைக் கணக்குக் கைநூல், இடத்திலேயே கட்டி எழுப்பும் பெரிய மின்னூட்டி யந்திரத்திற்கு மொத்த மூலதனம் யந்திர விலையைப்போல் 2.24 மடங்கு என்கிறது. முழுப் பெட்டியாக வந்திறங்கும் சிறு யந்திரத்திற்கு இது வெகுவாகக் குறையும். மூலதனம் 10 லட்சம் ரூபாயாகி, அதைப் பத்து வருஷத்தில் 10 சதவீத வட்டியுடன் மீட்க வேண்டுமானால் வருஷத்திற்கு ஏறக்குறைய 1,62,700 ரூபாய். இதனுடன் மின்சாரம், பில்டர், கழுவும் கூலி, கழிவு அகற்றும் கூலி ஆகியவற்றைச் சேர்த்த வருஷாந்திரத் தொகையே ஒப்பிடத் தக்கது. கொட்டேஷனின் அடியில் காணும் எண்ணை மட்டும் ஒப்பிடுவது, மாப்பிள்ளையின் தலைப்பாகையைப் பார்த்துச் சம்பந்தம் பேசுவது போலாகும்.

எவ்வளவு சுத்தம் வேண்டும் என்பதையும் எஸ்டிமேட் சொல்லியாக வேண்டும். கனிம எண்ணெய்த் துளிக்கு அமெரிக்கச் சட்டத்தின் வரம்பு கன மீட்டருக்கு 5 மில்லிகிராம். அத்தேசத்துத் தொழில் ஆரோக்கிய ஆராய்ச்சி ஸ்தாபனமோ உலோக வேலை எண்ணெய்கள் அனைத்திற்கும் 0.5 மில்லிகிராமே தகுமென்று 1998-இல் சிபாரிசு செய்தது. ஆஸ்துமா முதலிய சுவாச வியாதிகளே அதற்குக் காரணம். சட்டத்திற்கும் சிபாரிசுக்கும் இடையே பத்து மடங்கு வித்தியாசம். சுத்திகரிக்காத, அரைகுறையாகச் சுத்திகரித்த கனிம எண்ணெய்கள் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 1987-இல் வகைப்படுத்தியது. நன்கு சுத்திகரித்தவற்றை அது அப்பட்டியலில் சேர்க்கவில்லை. மலிவு எண்ணெயை வாங்கிவிட்டுப் புகைப் பெட்டிக்கு விலை விசாரிப்பவர் இதைக் கவனிப்பாராக.

நம்மவருக்கு நன்கு தெரிந்த லங்காஷயரின் சரித்திரம் இங்கே நினைவுக்கு வருகிறது. அங்கே நூற்பு யந்திரங்களில் வேலை செய்தவர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் கண்டது. காரணம் புகையன்று; கதிர்களிலிருந்து தெறித்து உடையில் ஊறிய எண்ணெய். 1926-இல் சர்க்கார் கமிட்டி அதை விசாரித்து அறிக்கை கொடுத்தது. எந்த எண்ணெயை உபயோகிக்கலாம் என்று கட்டாய விதி வந்ததோ 1953-இல். இடையில் 27 வருஷம். நல்ல எண்ணெய்க்கும் தடுப்புத் தகட்டிற்கும் ஆகும் செலவை ஆலைக் கணக்கில் எழுதாத அந்த நாட்களில், அது எவருடைய கணக்கில் ஏறிற்று என்பதற்குச் சாட்சி தேடவேண்டியதில்லை.

சிறு பட்டறைக்காரரிடம் பணமில்லை என்பதை நாம் மறுக்கவில்லை. பணமில்லாதவருக்குத்தான் தூரத்துக் குடையும் பெரிய மோட்டாரும் கட்டுபடியாகாதவை. தொழிலாளர் சங்கங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கொட்டேஷன் பிரிக்கும் நாளில் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்கவேண்டும்: வாய்க்கும் புகைக்கும் உள்ள தூரம், பில்டர் அழுக்கேறிய பின் உள்ள தடை, வருஷாந்திர மொத்தச் செலவு. ஒப்பந்தத்தில் விலையின் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, ஆறு மாதம் ஓடிய பிறகு வெட்டுமுனையருகே காற்றின் வேகத்தையும், தொழிலாளி நிற்குமிடத்தில் எண்ணெய்த் துளியின் அளவையும் பார்த்தே அதைக் கொடுப்பதென்று எழுதவேண்டும். அளவெடுக்கும் வேளையில் எல்லா லேத்தும் ஓடவேண்டும், பெடஸ்டல் விசிறிகளும்தான்.