ஆட்டோபானில் வேக வரம்பு வேண்டுமா? எக்ஸெல்லில் போட்டுப் பார்க்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் முதலில் இன்ஸ்டால் செய்வது கார் ரேஸ் கேம்தான். கீபோர்டில் மேல் அம்புக்குறியை அழுத்திப் பிடித்தால் போதும். மானிட்டரின் மூலையில் வேகம் 200, 250, 300 என ஏறிக்கொண்டே போகும். எதிலாவது மோதினால் எஸ்கேப் கீயைத் தட்டிவிட்டு மறுபடியும் ரேஸைத் தொடங்கலாம். வீட்டில் கேம் விளையாடும் பிள்ளைகள், "இந்த வேகத்தில் நிஜமாகவே ஓட்ட முடியுமா?" என்று ஒரு நாள் கேட்கத்தான் செய்வார்கள்.

முடியும். 2021 ஜூலையில் செக் நாட்டுக் கோடீஸ்வரர் ஒருவர் தன் புகாட்டி சிரோன் காரை பெர்லினுக்கும் ஹனோவருக்கும் இடையே உள்ள ஏ2 சாலையில் மணிக்கு 417 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். அது பந்தய மைதானம் அல்ல. மற்றவர்களும் சென்றுகொண்டிருந்த பொதுச் சாலை. அந்த வீடியோவை 2022 ஜனவரியில் அவரே யூடியூபில் ஏற்றினார். அரசு வழக்கறிஞர்கள் விசாரணை தொடங்கினார்கள். சில மாதங்களில் அதைக் கைவிட்டார்கள். காரணம், அந்த இடத்தில் வேக வரம்பே கிடையாது.

ஜெர்மனியின் விரைவுச் சாலைகளுக்கு ஆட்டோபான் என்று பெயர். மொத்த நீளம் சுமார் 13,000 கி.மீ. இதில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் கார்களுக்கு நிரந்தர வேக வரம்பு இல்லை. 1978 முதல் "130 கி.மீ. நல்லது" என்று ஒரு பரிந்துரை மட்டும் உண்டு. மீறினால் அபராதம் இல்லை. ஆனால் 130க்கு மேல் போய் விபத்தில் சிக்கினால், தவறு எதிராளியுடையது என்றாலும் நஷ்டத்தில் ஒரு பங்கை நீங்கள் ஏற்க வேண்டி வரலாம். ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 1992ல் அப்படித் தீர்ப்பளித்தது. லாரிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவற்றின் வரம்பு 80தான். இந்த 80ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வரம்பு வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை அங்கே ஐம்பது ஆண்டுகளாக நடக்கிறது. இரு தரப்பும் எண்களை அள்ளி வீசுகிறார்கள். நம்மிடம்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே, நாமே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபிஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமை இலவசமாக டவுன்லோட் செய்து பயன்படுத்தலாம். கீழே உள்ள செயல்முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

புதிய ஒர்க்ஷீட் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். ஏ1 செல்லில் "வேகம்" என்று டைப் செய்திடவும். அதன் கீழே ஏ2 முதல் ஏ6 வரை 100, 130, 200, 250, 417 என ஒவ்வொன்றாகக் கொடுங்கள். இவை மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு.

அடுத்து பி2 செல்லில் கிளிக் செய்து, முதலில் சமக்குறி போடுங்கள். பின் மவுஸால் ஏ2 செல்லைக் கிளிக் செய்து, /3.6 என டைப் செய்து என்டர் தட்டவும். சமக்குறியை மறந்தால் கணக்கு நடக்காது, நீங்கள் டைப் செய்தது அப்படியே செல்லில் உட்கார்ந்திருக்கும். புதியவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது செய்யும் தவறு இது. இப்போது பி2வில் 27.78 என வரும். 100 கி.மீ. வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு இத்தனை மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை மிதிக்கச் சுமார் ஒரு விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடிக்கும் முன்பே கார் கடந்துவிடும் தூரமும் இதுவே.

சி2 செல்லில் பிரேக் தூரம். சமக்குறி, பி2 மீது கிளிக், பெருக்கலுக்கான நட்சத்திரக் குறி, மறுபடி பி2 மீது கிளிக், பிறகு /16 என்று டைப் செய்து என்டர். அது என்ன 16? நல்ல டயர், நல்ல பிரேக், காய்ந்த சாலை என்றால் ஒவ்வொரு விநாடியும் காரின் வேகம் விநாடிக்கு 8 மீட்டர் என்ற அளவில் குறையும். அந்த 8ன் இரு மடங்கு 16. வேகத்தின் வர்க்கத்தை இதனால் வகுத்தால் பிரேக் தூரம். பள்ளிக்கூட இயற்பியல்தான்.

டி2வில் சமக்குறி, பி2 கிளிக், கூட்டல் குறி, சி2 கிளிக், என்டர். இது கார் நிற்கத் தேவையான மொத்தத் தூரம். கடைசியாக இ2வில் சமக்குறி, 6000/ என டைப் செய்து ஏ2 கிளிக், என்டர். 100 கி.மீ. தூரத்தைக் கடக்க எத்தனை நிமிடம் என்பதை இது சொல்லும்.

ஒவ்வொரு வரிக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. பி2 முதல் இ2 வரை செலக்ட் செய்தால் வலது கீழ் மூலையில் சின்னக் கட்டம் ஒன்று தெரியும். அதை மவுஸால் பிடித்து ஆறாவது வரிசை வரை கீழே இழுத்து விடுங்கள். பார்முலா எல்லா வரிகளுக்கும் தானாகவே போய்விடும். விடைகளை அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றினால் இப்படித்தான் கிடைக்கும்:

100 கி.மீ. வேகம்: நிற்க 76 மீட்டர், பயணம் 60 நிமிடம்
130 கி.மீ. வேகம்: நிற்க 118 மீட்டர், பயணம் 46 நிமிடம்
200 கி.மீ. வேகம்: நிற்க 248 மீட்டர், பயணம் 30 நிமிடம்
250 கி.மீ. வேகம்: நிற்க 371 மீட்டர், பயணம் 24 நிமிடம்
417 கி.மீ. வேகம்: நிற்க 954 மீட்டர், பயணம் 14 நிமிடம்

அதிவேகத்தில் காற்றின் எதிர்ப்பும் காரைப் பிடித்து இழுக்கும். புகாட்டி மாதிரி கார்களின் பிரேக்கும் நம் கணக்கில் உள்ளதைவிடச் சிறந்தது. எனவே 954 என்பதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்போதும் 600 மீட்டருக்கு மேல் இருக்கிறது.

இரண்டு எண்களையும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். 130லிருந்து 200க்குப் போனால் 16 நிமிடம் மிச்சம். அதற்கு மேல் 50 கி.மீ. கூட்டி 250க்குப் போனால் மிச்சமாவது 6 நிமிடம்தான். வேகம் கூடக் கூட லாபம் சுருங்குகிறது, நிற்கும் தூரமோ தாவித் தாவிப் போகிறது. அந்த 6 நிமிடமும் வழி முழுவதும் யாரும் குறுக்கே வராமல் இருந்தால்தான். ஒரு முறை லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் போய்விடும்.

இன்னொரு கணக்கு என்னை உண்மையிலேயே திடுக்கிட வைத்தது. 130ல் ஒரு காரும் 200ல் ஒரு காரும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. எதிரே லாரி ஒன்று நின்றிருப்பதை இருவரும் ஒரே கணத்தில் பார்த்து, ஒரே கணத்தில் பிரேக் பிடிக்கிறார்கள். முதல் கார் 118வது மீட்டரில் நின்றுவிட்டது. அதே இடத்தைத் தாண்டும்போது இரண்டாவது காரின் வேகம் என்ன? 70 அல்ல, 100 அல்ல. சுமார் 165 கி.மீ.! பிரேக்கை மிதித்தபடியே 165.

இப்போது அந்த 80க்கு வருவோம். லாரியை முந்துவதற்காக ஒருவர் 110 கி.மீ. வேகத்தில் இடது தடத்துக்கு மாறுகிறார். பின்னால் 300 மீட்டர் தள்ளி 250ல் ஒரு கார் வருகிறது. கண்ணாடியில் அது சின்னப் புள்ளி. இரண்டுக்கும் வேக வித்தியாசம் 140 கி.மீ. என்பதால் அந்த 300 மீட்டரும் 8 விநாடிக்குள் கரைந்துவிடும். பின்னால் வருவது 417 என்றால் மூன்றரை விநாடி. அந்தப் புள்ளி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதை ஒரு பார்வையில் கண்டுபிடிக்க மனிதக் கண்ணால் முடியாது.

2003 ஜூலையில் கார்ல்ஸ்ரூஹே நகருக்கு அருகே ஏ5 சாலையில் இப்படி ஒரு பெரிய கார் மிக வேகமாக வந்து, ஒரு சிறிய காரின் முதுகை நெருங்கியது. சிறிய காரை ஓட்டிய இளம் தாய் பதறிப்போய் ஸ்டியரிங்கைத் திருப்ப, கார் சாலையை விட்டு விலகி மரங்களில் மோதியது. அவரும் அவருடைய இரண்டு வயது மகளும் இறந்தனர். வேகமாக வந்தவருக்கு 2004ல் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாகக் குறைந்தது. ஜெர்மனி முழுவதும் மாதக்கணக்கில் பேசிய வழக்கு இது.

வரம்பு வேண்டாம் என்பவர்களிடமும் எண் இருக்கிறது. 2019ல் ஜெர்மனியின் சாலைகளில் 3,046 பேர் இறந்தார்கள். அதில் ஆட்டோபானில் இறந்தவர்கள் 356 பேர். நாட்டின் வாகன ஓட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆட்டோபானில்தான் நடக்கிறது. "மரணம் எட்டில் ஒன்றுகூட இல்லை, இதைவிடப் பத்திரமான சாலை ஏது?" என்கிறார்கள். எண் சரிதான். ஆனால் ஒப்பீடு சரியில்லை என்பது என் கருத்து. ஆட்டோபானில் எதிர்வண்டி இல்லை, குறுக்குச் சாலை இல்லை, சைக்கிள் இல்லை, நடப்பவர் இல்லை. கிராமச் சாலையோடு அதை ஒப்பிட்டால் அது ஜெயிக்கத்தான் செய்யும். ஒரே சாலையில் வரம்புக்கு முன், வரம்புக்குப் பின் என்று பார்ப்பதுதான் முறை. பிராண்டன்பர்க் மாநிலத்தில் ஏ24 சாலையின் 62 கி.மீ. பகுதியில் 2002 இறுதியில் 130 வரம்பு கொண்டுவந்தார்கள். விபத்துகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

பிறகு ஏன் நாடு முழுவதும் வரவில்லை? இது வெறும் கணக்கு விஷயம் இல்லை என்பதால்தான். 1973ல் பெட்ரோல் நெருக்கடி வந்தபோது சில மாதங்களுக்கு 100 கி.மீ. வரம்பு போட்டார்கள். அந்தச் சமயத்தில் ஏ.டி.ஏ.சி. என்ற மாபெரும் வாகன ஓட்டிகள் சங்கம், சுதந்திரமான குடிமக்களுக்குச் சுதந்திரமான பயணம் என்ற முழக்கத்தை ஊரெங்கும் ஒட்டியது. வேகமான கார்களை உலகத்துக்கே விற்கும் நாடு அது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2019 அக்டோபரில் 130 வரம்பு கோரும் தீர்மானம் நாடாளுமன்றத்தில் 126க்கு 498 என்று தோற்றது. அடுத்த ஆண்டு மத்திய சுற்றுச்சூழல் அலுவலகம், 130 வரம்பு வந்தால் ஆண்டுக்கு 19 லட்சம் டன் கார்பன் புகை குறையும் என்று கணக்குக் கொடுத்தது. அதே 2020ல் ஏ.டி.ஏ.சி.யும் தன் பிடிவாதத்தைத் தளர்த்தி, இனி வரம்பை அடியோடு எதிர்க்க மாட்டோம் என்று அறிவித்தது. ஆனாலும் 2021ல் அமைந்த கூட்டணி அரசு, பொது வரம்பு இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டது.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. அது நம் துறை சார்ந்தது. கூட்டம் அதிகமான பல பகுதிகளில் சாலைக்கு மேலே எலெக்ட்ரானிக் பலகைகள் தொங்குகின்றன. சாலைக்கு அடியில் பதித்த கம்பிச் சுருள்களும் மழை, மூடுபனி உணரும் சென்சார்களும் தகவல் அனுப்ப, மையக் கம்ப்யூட்டர் நிலைமையைப் பார்த்து 120, 100, 80 என்று வரம்பை மாற்றிக்கொண்டே இருக்கும். சாலை காலியானால் வரம்பும் மறைந்துவிடும். நிரந்தர வரம்பை எதிர்ப்பவர்கள் இதைத்தான் நீட்டிக்கச் சொல்கிறார்கள்.

காருக்கு உள்ளேயும் வரம்பு போடுவது ஒரு புரோகிராம்தான். 1980களின் இறுதியிலிருந்து ஜெர்மன் நிறுவனங்கள் பல தங்கள் வேகமான கார்களை 250ல் நிறுத்திவிடுகின்றன. சட்டம் கேட்டு அல்ல, தாங்களாகவே. சக்கரங்களில் உள்ள சென்சார் 250 என்று சொன்னவுடன் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் சக்தியைக் குறைத்துவிடும், ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சரி. வோல்வோ 2020 முதல் தன் கார்களை 180லேயே நிறுத்திவிட்டது. சிரோனிலும் இது உண்டு. சாதாரணமாக 380, தனியாக உள்ள இரண்டாவது சாவியைப் போட்டால் 420. அந்தக் கோடீஸ்வரரின் 417, புரோகிராம் அனுமதித்த எல்லைக்கு மூன்று கிலோமீட்டர் குறைவு!

இதற்கு முன் ஜெர்மனியின் ஆட்டோபானில் இதைவிட வேகமாகப் போனவர் ருடால்ப் கராச்சியோலா. 1938 ஜனவரி 28 அன்று பிராங்பர்ட் - டார்ம்ஸ்டாட் சாலையை மூடி வைத்து 432.7 கி.மீ. வேகம் எட்டினார். அன்றைக்கே அந்தச் சாதனையை முறியடிக்க முயன்ற பெர்ன்ட் ரோசமயர் விபத்தில் இறந்தார்.

2024 ஜூலை முதல் ஐரோப்பிய யூனியனில் விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் வேக எச்சரிக்கை வசதி கட்டாயம். கேமராவும் மேப்பும் கொண்டு அந்த இடத்தின் வரம்பைக் கண்டுபிடித்து, தாண்டினால் எச்சரிக்கும். வேண்டாம் என்றால் ஓட்டுபவர் ஆப் செய்துகொள்ளலாம். வரம்பே இல்லாத ஆட்டோபான் பகுதியில் அது எதைச் சொல்லி எச்சரிக்கும்?

ஒர்க்ஷீட்டை மூடும் முன் இன்னொன்று. சி2 செல்லில் டபுள் கிளிக் செய்து, 16ஐ 8 என்று மாற்றி என்டர் தட்டவும். பின் அந்தச் சின்னக் கட்டத்தைப் பிடித்து மறுபடி கீழே இழுங்கள். இது மழையில் நனைந்த சாலை. 130ல் போகும் கார் நிற்க இப்போது 199 மீட்டர், 200ல் போகும் கார் நிற்க 441 மீட்டர். ஏ2வில் 100ஐ அழித்துவிட்டு, நீங்கள் தினமும் வண்டி ஓட்டும் வேகத்தைக் கொடுத்தும் பாருங்கள். பைலை சேவ் செய்திட மறக்க வேண்டாம்.