டிரஸ்டிகளின் துரோகமும் பாத்தியஸ்தர்களின் பரிகாரமும்

அந்திம காலத்தில் ஒருவர் தம் சொத்தை நண்பர் வசம் ஒப்பித்து, "என் மக்களுக்காக இதைப் பரிபாலித்து வாரும்" என்று கேட்டுக்கொள்கிறார். நண்பரும் சம்மதிக்கிறார். சில வருஷங்கள் சென்றபின் மக்கள் கணக்குக் கேட்டால், "உங்கள் தகப்பனார் என்னை நம்பியன்றோ கொடுத்தார்? உங்களுக்கேன் கணக்கு?" என்று பதில் வருகிறது. இஃது உதாரணத்திற்காக நாம் கற்பித்துக் கூறியதே. ஆயினும் இத்தகைய கதை வழங்காத ஊர் உண்டோ?

1882-ம் வருஷத்திய இந்திய டிரஸ்டுச் சட்டம் இவ்விஷயத்தில் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. சொத்து டிரஸ்டியின் பெயரில் இருக்கலாம். அதன் பலன் அவரைச் சேர்ந்ததன்று. விவேகமுள்ள மனிதன் தன் சொத்தைக் காப்பது போல் அவர் அதைக் காக்கவேண்டும். அதைக்கொண்டு சுயலாபம் தேடலாகாது. கணக்குகளைப் பார்வையிடுவது பாத்தியஸ்தரின் உரிமை, யாசகமன்று.

கடமை தவறியதால் விளைந்த நஷ்டத்தை டிரஸ்டியே ஈடு செய்யவேண்டும். ஓரிடத்தில் வந்த லாபத்தைக் காட்டி, வேறிடத்தில் தம் தவற்றால் நேர்ந்த நஷ்டத்தைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. அவருக்குப் பதிலாக வேறொருவரை நியமிக்கும்படி கோர்ட்டுக்கு மனுச் செய்துகொள்ளலாம். கையாடல் செய்திருந்தாலோ, 2024-ம் வருஷம் ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதீய நியாய ஸம்ஹிதையின் 316-வது பிரிவு ஐந்து வருஷம் வரை சிறைவாசம் விதிக்க இடந்தருகிறது.

சொத்தையே விற்றுவிட்டால் என் செய்வது? அது அன்னியர் கைக்குப் போயினும், வேறு உருவாக மாறியிருப்பினும், பாத்தியஸ்தர் அதைத் தொடர்ந்து பற்றலாம். ஆனால் டிரஸ்டுச் சொத்தென்று அறியாது, நல்லெண்ணத்துடன் கிரயங் கொடுத்து வாங்கியவரைச் சட்டம் காப்பாற்றுகிறது. ஆதலின் காலதாமதம் ஆபத்து.

மேற்கூறிய டிரஸ்டுச் சட்டம் பொதுத் தர்மங்களுக்குப் பொருந்தாது. அவற்றிற்கு 1908-ம் வருஷத்திய சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-வது பிரிவு இருக்கிறது. தர்மத்தில் சம்பந்தமுள்ள இருவர் சேர்ந்து, கோர்ட்டின் அனுமதி பெற்று வழக்குத் தொடரலாம். டிரஸ்டியை நீக்கவும், கணக்குக் கேட்கவும், நிர்வாகத்திற்குப் புதிய திட்டம் வகுக்கவும் அதில் வழியுண்டு. தமிழ்நாட்டு இந்து ஆலயங்களுக்கு 1959-ம் வருஷத்திய தனிச்சட்டம் உள்ளது.

இவ்வளவு ஆயுதங்கள் இருந்தும் மோசடி நடப்பானேன்? தாக்ஷண்யமும் அச்சமுமே காரணம். பெரிய மனிதரைக் கணக்குக் கேட்பது அவமரியாதை என்று நம்மவர் கருதுகின்றனர். முழு விவரமும் அறிந்த பின்னர் துரோகத்திற்கு இணங்கியவருக்கு டிரஸ்டுச் சட்டமும் ஈடு வாங்கித் தராது. யோக்கியமான டிரஸ்டி கணக்குக்கு அஞ்சமாட்டார். அஞ்சுகிறவரிடம் கேளாதிருப்பதே குற்றம். அநாதைகளின் சோற்றைக் காப்பது மரியாதையினும் பெரிதன்றோ?