உங்களுக்குத் தெரியுமா? வாரத்துக்கு ஒரு முட்டை!

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனில் கை நிறையக் காசு இருந்தாலும் வெண்ணெய் கூடுதலாக வாங்க முடியாது. அரண்மனைக்கும் ரேஷன் புத்தகம், சுரங்கத் தொழிலாளி வீட்டுக்கும் ரேஷன் புத்தகம். அளந்து கொடுத்ததை வைத்து 14 வருடம் அடுப்பு எரிந்தது. அந்தச் சமையலறைகளிலிருந்து சில துணுக்குகள் இதோ. நீங்களும் ஒரு வாரம் அப்படிச் சமைத்துப் பார்க்க விரும்பினால், கடைசியில் பட்டியல் இருக்கிறது.

● சட்டியில் இருந்தால்தானே...

போருக்கு முன் பிரிட்டன் தன் உணவில் பாதிக்கும் மேல் கப்பலில்தான் வரவழைத்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அந்தக் கப்பல்களைக் குறிவைத்ததும் அரசு முந்திக்கொண்டது. 1940 ஜனவரி 8-ல் ரேஷன் தொடங்கியது. முதலில் சிக்கியவை மூன்று: பேக்கன், வெண்ணெய், சர்க்கரை. பிறகு இறைச்சி, டீத்தூள், ஜாம், சீஸ் என்று பட்டியல் நீண்டது.

● கறிக்கு எடை இல்லை

மற்றவை பெரும்பாலும் எடைக் கணக்கு. இறைச்சி மட்டும் காசுக் கணக்கு. 1940 மார்ச்சில் ஒருவருக்கு வாரத்துக்கு 1 ஷில்லிங் 10 பென்ஸுக்குக் கறி. பின்னர் அது 1 ஷில்லிங் 2 பென்ஸாக இறங்கியது. நல்ல தொடைக்கறி கேட்டால் ஒரு கைப்பிடிதான் வரும். எலும்போடு சேர்ந்த மலிவுக் கறி வாங்கினால் குழம்பு வைக்கும் அளவுக்குத் தேறும். ஈரல், சிறுநீரகம் போன்றவற்றுக்குக் கூப்பன் தேவையில்லை என்பதால் கசாப்புக் கடைக்காரரின் தயவு பெரிய சொத்து!

● பச்சைப் புத்தகத்துக்கு முதல் மரியாதை

பெரியவர்களுக்கு மங்கிய மஞ்சள் நிறப் புத்தகம். 5 முதல் 16 வயது வரை நீலம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பச்சை. கடைக்கு ஆரஞ்சு வந்தால் பச்சைப் புத்தகம்தான் முதலில். தினமும் சுமார் அரை லிட்டர் பால், இரட்டைப் பங்கு முட்டை என்று சலுகைகளும் உண்டு.

● சேல்ஸ்மேன் மந்திரி

உணவு அமைச்சராக 1940 ஏப்ரலில் வந்த வூல்டன் பிரபு அரசியல்வாதி அல்ல. லூயிஸ் என்ற பெரிய கடைக் குழுமத்தை நடத்தியவர். சரக்கு இல்லாத நேரத்திலும் வாடிக்கையாளர் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்ளும் வித்தை அவருக்கு அத்துப்படி. பத்திரிகை விளம்பரம், குறும்படம், காலை 8.15-க்கு பி.பி.சி. வானொலியில் 5 நிமிடச் சமையல் குறிப்பு என்று எல்லா வழியிலும் இல்லத்தரசிகளிடம் பேசினார்.

● ஐந்து நட்சத்திர ஓட்டலில் பிறந்த ஏழைப் பதார்த்தம்

கறி இல்லாத 'வூல்டன் பை' அந்தக் காலத்தின் அடையாளம். இதை உருவாக்கியவர், லண்டன் சவாய் ஓட்டலின் தலைமைச் சமையல்காரர் பிரான்சுவா லாத்ரி!

செய்முறை எளிது. உருளைக்கிழங்கு, கேரட், காலிபிளவர், ஸ்வீட் என்ற மஞ்சள் டர்னிப் ஆகியவற்றைச் சம அளவு எடுத்து, சிறு துண்டுகளாக நறுக்குங்கள். நம் ஊரில் டர்னிப்போ நூல்கோலோ போதும். மூன்று நான்கு வெங்காயத்தாள், ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸ், உப்பு சேர்த்து, காய் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு 10 நிமிடம் வேகவிடுங்கள். அடிபிடிக்கும், கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்ஸ் கரைந்து காயைச் சுற்றிக் கெட்டிக் குழம்பாகத் திரண்டதும் இறக்கி ஆறவிட்டு, ஆழமான தட்டில் கொட்டி, மேலே மசித்த உருளைக்கிழங்காலோ தேய்த்த கோதுமை மாவாலோ மூடி, பொன்னிறமாகும் வரை அவனில் வையுங்கள். மிளகுத்தூள் தாராளமாகத் தூவினால்தான் நம் நாக்குக்கு ஒத்துவரும்.

● கேரட் தின்றால் இருட்டில் கண் தெரியுமா?

ஜான் கன்னிங்ஹாம் என்ற விமானி இரவில் ஜெர்மானிய விமானங்களை வரிசையாகச் சுட்டு வீழ்த்தினார். 'பூனைக்கண்' என்று பட்டப்பெயர் வந்தது. அவர் கேரட் நிறையச் சாப்பிடுகிறார், அதனால்தான் என்று செய்தி பரப்பினார்கள். உண்மையில் கண்ணாக இருந்தது விமானத்தில் பொருத்திய ரேடார். அந்த ரகசியத்தை மூடத்தான் கேரட்! எதிரி நம்பினானோ இல்லையோ, இங்கிலாந்துத் தாய்மார்கள் நம்பினார்கள். கேரட்டில் உள்ள சத்து உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும். அது குறைந்தால் மாலைக்கண் வரும் என்பது மெய். குறையில்லாதவர் கூடை கூடையாகத் தின்றாலும் பார்வை கூடாது.

ஐஸ்கிரீம் கிடைக்காத சிறுவர்களுக்குக் குச்சியில் செருகிய கேரட்டை விற்றார்கள் என்பது கூடுதல் செய்தி.

● வெங்காயம் பரிசு!

பிரிட்டனுக்கு வெங்காயம் பெரும்பாலும் பிரான்சின் பிரிட்டனி பகுதியிலிருந்தும் சேனல் தீவுகளிலிருந்தும் வந்தது. 1940-ல் இரண்டும் ஜெர்மனியின் கைக்குப் போக, சந்தையில் வெங்காயமே இல்லை. பரிசுச்சீட்டுக் குலுக்கலில் ஒற்றை வெங்காயத்தைப் பரிசாக வைத்தார்கள்!

● முட்டை டப்பாவில்

ஒருவருக்கு வாரத்துக்கு ஒரு முட்டை. அதுவும் இருந்தால்தான். இதைச் சரிக்கட்ட அமெரிக்காவிலிருந்து முட்டைத்தூள் வந்தது. ஒரு பொட்டலம் 12 முட்டைக்குச் சமம். ஒரு மேசைக்கரண்டி தூள், இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர்: ஒரு முட்டை தயார். கேக்குக்கும் ஆம்லெட்டுக்கும் ஓடியது. அரை வேக்காட்டு முட்டைப் பிரியர்களுக்குத்தான் வழியில்லை. வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் முட்டைப் பங்கை விட்டுக்கொடுத்தால் பதிலுக்குத் தீவனம் கிடைத்தது.

● வாழைப்பழம் இல்லாத வாழைப்பழம்

கப்பலில் இடம் போதாது என்று 1940 நவம்பரில் வாழைப்பழ இறக்குமதி நின்றது. பார்ஸ்னிப் என்ற வெள்ளைக் கிழங்கை வேகவைத்து மசித்து, சர்க்கரையும் வாழைப்பழ எசென்ஸும் கலந்து ரொட்டியில் தடவினார்கள். பெயர், 'போலி வாழைப்பழம்'. இதேபோல் கேரட்டோடு பாதாம் எசென்ஸ் சேர்த்தால் 'போலி ஆப்ரிகாட்'. உருளைக்கிழங்கு, ஆப்பிள், சீஸ் அடுக்கிச் சுட்டால் 'போலி வாத்து'. பால், கார்ன்ஃப்ளோர், மார்ஜரின், சர்க்கரை சேர்த்து அடித்தால் 'போலி க்ரீம்'. பட்டியலில் இன்றும் வீட்டில் செய்யத் தகுந்தது இந்த க்ரீம்தான். பாலில் கார்ன்ஃப்ளோரைக் காய்ச்சி நன்றாக ஆறவிட்ட பிறகே மார்ஜரினில் சேர்த்து அடியுங்கள். சூடாகச் சேர்த்தால் உருகி ஓடிவிடும்.

● அப்பாவே சாப்பிட்டார்

போர் முடிந்து வாழைப்பழம் வந்தபோது எழுத்தாளர் ஈவ்லின் வா வீட்டுக்கு மூன்று பழங்கள் கிடைத்தன. பார்த்தே அறியாத மூன்று குழந்தைகள் காத்திருக்க, க்ரீமும் சர்க்கரையும் போட்டு மூன்றையும் அவரே சாப்பிட்டு முடித்தார். மகன் ஆபரன் வா இதை மறக்காமல் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதிவிட்டார்.

● பானைக்கு ஒரு கரண்டி கிடையாது

1940 ஜூலையில் டீத்தூள் ரேஷனுக்கு வந்தது. ஒருவருக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம். ஆளுக்கொரு கரண்டி, பானைக்கு ஒன்று என்று போடுவது ஆங்கிலேயர் வழக்கம். அந்தப் பானைக் கரண்டியை நிறுத்துங்கள் என்று அரசு பிரசாரம் செய்தது.

அந்தத் தேயிலையில் ஒரு பகுதி இலங்கை மலையகத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் கிள்ளியது. 1942-ல் பர்மா ஜப்பானிடம் விழுந்ததும் அவர்களின் உலைக்கு வந்த பர்மா அரிசி நின்றது. அரிசிப் பங்கு சுருங்கி, கோதுமை மாவு அந்த இடத்துக்கு வந்தது.

● ரவா இட்லிக்கும் போருக்கும் தொடர்பு

அதே பர்மா அரிசித் தட்டுப்பாட்டில்தான் ரவையை வைத்து இட்லி செய்து பார்த்தோம் என்கிறது பெங்களூரின் எம்.டி.ஆர். உணவகம். ஜப்பானியர் பிடியில் இருந்த மலாயாவிலோ தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரையும் தாங்கியது மரவள்ளிக்கிழங்கு.

● சோதனை எலிகளாக மாறிய விஞ்ஞானிகள்

ரேஷன் இன்னும் இறுகினால் மக்கள் தாக்குப்பிடிப்பார்களா? கேம்பிரிட்ஜில் எல்சி விடோசன், ராபர்ட் மெக்கன்ஸ் இருவரும் தங்கள் மீதே சோதித்தார்கள். வாரத்துக்கு ஒரு முட்டை, கொஞ்சம் கறி, துளி பால். ரொட்டி, உருளைக்கிழங்கு, காய்கறி மட்டும் வேண்டிய மட்டும். மூன்று மாதம் கழித்து லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்குப் போய்க் கடுங்குளிரில் ஏறி இறங்கினார்கள். உடம்பு தளரவில்லை. சிக்கல் வேறு இடத்தில்: மாவுச்சத்து மிகுந்ததால் வாயுத்தொல்லை, கழிப்பறைக்கு அதிக நடை! தவிட்டோடு கூடிய ரொட்டி கால்சியத்தை உடம்பில் சேரவிடாமல் தடுப்பதும் தெரியவந்தது. அதனால் ரொட்டி மாவில் சுண்ணாம்புச் சத்தான கால்சியம் கார்பனேட்டைச் சேர்த்தார்கள்.

● வெள்ளை ரொட்டிக்குத் தடை

1942-ல் 'தேசிய ரொட்டி' வந்தது. தவிட்டைப் பெரும்பகுதி நீக்காத மாவு. பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். சத்து அதிகம், விரும்பியவர் குறைவு. 'ஹிட்லரின் ரகசிய ஆயுதம்' என்று கேலி செய்தார்கள். ஆனால் போர் முடியும்வரை ரொட்டிக்கு ரேஷன் இல்லை. போர் முடிந்த பிறகு, 1946 ஜூலையில்தான் வந்தது! இரண்டு வருடம் நீடித்தது.

● அட்டைப்பெட்டி கேக்

1940 ஆகஸ்டில் கேக் மேல் சர்க்கரைப் பூச்சுக்குத் தடை. கல்யாணத்துக்கு என்ன செய்வது? வெள்ளை அட்டையில் மூன்றடுக்கு கேக் மாதிரி செய்து, உள்ளே சின்ன நிஜ கேக்கை ஒளித்து வைத்தார்கள். படம் எடுத்ததும் அட்டையைத் தூக்கிவிட்டு வெட்ட வேண்டியதுதான்.

1947-ல் இளவரசி எலிசபெத்தின் கல்யாண கேக்குக்கே ஆஸ்திரேலியச் சாரணச் சிறுமிகள்தான் பொருள் அனுப்பினார்கள்.

● குருவிக்குப் போட்டால் குற்றம்

உணவை வீணாக்குவது சட்டப்படி குற்றம். 1943-ல் பறவைகளுக்கு ரொட்டி போட்ட ஒரு பெண்மணிக்கு 10 பவுண்டு அபராதம் விதித்தார்கள். மிச்சம் மீதிக்கும் பயன் இருந்தது: தெருமுனைத் தொட்டிகளில் சேர்ந்த காய்த்தோல், பன்றித் தீவனமாகப் போனது.

● வைக்கோல் பெட்டி

எரிபொருளுக்கும் பஞ்சம். கொதி வந்த சூப்பை மூடி, வைக்கோல் திணித்த பெட்டிக்குள் புதைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். மாலையில் தானாக வெந்திருக்கும். வைக்கோல் வேகவைக்காது, வெப்பத்தை வெளியே விடாது, அவ்வளவுதான். இன்றும் செய்யலாம். பழைய கம்பளி போதும். ஆனால் வைப்பதற்கு முன் தளதளவென்று கொதித்திருக்க வேண்டும், பாத்திரம் நிறைய இருக்க வேண்டும்.

● அகழியில் முட்டைக்கோஸ்

'வெற்றிக்காகத் தோண்டுங்கள்' என்ற பிரசாரத்தில் பூங்காவெல்லாம் தோட்டமானது. லண்டன் கோட்டையின் அகழியிலும் காய்கறி விளைந்தது.

● சைவர்களுக்குத் தனிக் கணக்கு

கறிப் பங்கை விட்டுக்கொடுத்த சைவ உணவுக்காரர்களுக்குச் சீஸ் கூடுதல். ஆனால் சீஸில் தேர்வு இல்லை. பால் பெரும்பாலும் ஒரே மாதிரியான 'அரசாங்க செடார்' செய்யப் போய்விட்டது.

● ரேஷன் வராத இடம்

இத்தனை கட்டுப்பாட்டிலும் பிரிட்டனில் பட்டினிச் சாவு இல்லை. ஏழைக் குழந்தைகளின் சாப்பாடு முன்பைவிடத் தேறியது என்பார்கள். அதே ஆட்சியின் கீழ் இருந்த வங்காளத்தில் 1943-ல் விலைவாசி எகிற, லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். கல்கத்தாவுக்கு முறையான ரேஷன் வந்தது 1944-ன் தொடக்கத்தில்தான். தட்டுப்பாடு இரண்டு இடத்திலும் இருந்தது. அளந்து பகிர்ந்தது ஓரிடத்தில் மட்டும். நம் ரேஷன் கடைகளின் வேரும் அந்தப் போர்க்கால ஏற்பாடுகளில்தான் இருக்கிறது.

● கடைசிக் கூப்பன்

மிட்டாய் ரேஷன் 1953 பிப்ரவரி 5-ல் முடிந்தது. இறைச்சிக்கு 1954 ஜூலை 4 வரை காத்திருந்தார்கள். அன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் லண்டன் இல்லத்தரசிகள் சங்கம் விழா எடுத்தது.

● நீங்களும் ஒரு வாரம்!

ஒரு பெரியவருக்கு ஒரு வாரப் பங்கு ஏறத்தாழ இதுதான்: வெண்ணெய் 57 கிராம், மார்ஜரின் 113 கிராம், சர்க்கரை 227 கிராம், சீஸ் 57 கிராம், பேக்கன் 113 கிராம், டீத்தூள் 57 கிராம், பால் 1.7 லிட்டர், முட்டை 1, கறி சுமார் அரை கிலோ. பழுப்பு ரொட்டி, உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், ஓட்ஸ் வேண்டிய அளவு. எலுமிச்சை, வாழைப்பழம் கூடவே கூடாது. வெங்காயத்தை உங்கள் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமையே எல்லாவற்றையும் அளந்து தனித்தனி டப்பாவில் போட்டுவிடுங்கள். சர்க்கரையில் கை வைக்கும்போது கவனம்: 227 கிராம் என்பது நாளைக்கு ஏழு எட்டுத் தேக்கரண்டி. காபி, டீ, பாயசம் எல்லாம் அதற்குள்தான். தனியாகச் சமைப்பவர்தான் அதிகம் திண்டாடுவார். நான்கு பேர் உள்ள வீட்டில் பங்குகளைச் சேர்த்துவிட்டால் கணக்கு இளகும்: நான்கு முட்டையில் ஒரு கேக்கும் போடலாம், ஆளுக்கொன்று அவித்தும் தரலாம். இரண்டும் முடியாது. எது என்று திங்கட்கிழமை காலையிலேயே முடிவுசெய்துவிட்டால் வீட்டில் சண்டை இருக்காது.