வீடு விற்கும் முன் இணையத்தில் தேடுங்கள்

வீட்டை விற்க முடிவு செய்தவுடன் வெள்ளை அடிப்போம். ஒழுகும் குழாயை மாற்றுவோம். ஆனால் வாங்க விரும்புபவர் முதலில் பார்ப்பது இணையத்தில் உள்ள உங்கள் வீட்டை. அவர் பார்க்கும் முன் நீங்கள் பார்த்துவிடுவது நல்லது.

கூகுள் தளத்தில் உங்கள் மொபைல் எண்ணை டைப் செய்து என்டர் தட்டுங்கள். அடுத்து தெருப் பெயரையும் கதவு எண்ணையும் கொடுத்துத் தேடுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் விற்க முயன்று கைவிட்டிருந்தால், அந்த விளம்பரம் பழைய விலையோடு அப்படியே இருக்கலாம். பேரம் பேசுபவருக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. அந்தத் தளத்தில் லாக் இன் செய்து விளம்பரத்தை நீக்கிடவும். புரோக்கர் போட்டதென்றால் அவரிடம் சொல்லித்தான் நீக்க வேண்டும்.

அடுத்து கூகுள் மேப்ஸ். வீட்டில் டியூஷன் சென்டரோ தையல் கடையோ நடத்திப் பதிவு செய்திருந்தால், அதனை "நிரந்தரமாக மூடப்பட்டது" என மாற்றுங்கள். ஸ்ட்ரீட் வியூ வசதி 2022 ஜூலையில் சென்னை உட்பட 10 இந்திய நகரங்களில் தொடங்கியது. அதில் உங்கள் வீடு பழைய கோலத்தில் தெரிந்தால் மங்கலாக்கும்படி கூகுளிடம் கேட்கலாம். ஆனால் அவசரப்பட வேண்டாம். ஒருமுறை மங்கலாக்கினால் மீண்டும் மாற்ற முடியாது. வாங்குபவருக்கும் வீணாகச் சந்தேகம் வரும்.

இவற்றைவிட முக்கியமானது வில்லங்கச் சான்று. தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் ஆகியவற்றைத் தந்தால் இதனைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். வாங்குபவரும் பார்ப்பார், அவருக்குக் கடன் தரும் வங்கியும் பார்க்கும். நீங்கள் வீட்டுக் கடனை என்றோ கட்டி முடித்திருப்பீர்கள். பத்திரமும் பீரோவுக்கு வந்திருக்கும். ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீதைப் பதிவு செய்யாவிட்டால் அடமானம் இன்னும் இருப்பதாகவே சான்று காட்டும். அட்வான்ஸ் வாங்கிய பின் இது தெரிந்தால் வங்கிக்கும் பதிவு அலுவலகத்திற்கும் அலைய வேண்டியிருக்கும். பட்டா தாத்தா பெயரிலேயே இருக்கிறதா என்பதையும் அரசின் நிலப்பதிவுத் தளத்தில் இப்போதே பார்த்துவிடுங்கள்.

இனி புதிய விளம்பரம். போனில் எடுத்த படங்களில் இருப்பிடத் தகவல் பதிவாகியிருக்கலாம். விண்டோஸில் படத்தின் மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ் எனச் சென்றால் அதனை நீக்கும் வசதி உள்ளது. பூஜை அறை வெள்ளிச் சாமான்கள் படத்தில் விழ வேண்டாம். பத்திர நகலையும் ஆதாரையும் எக்காரணம் கொண்டும் அப்லோட் செய்யாதீர்கள். நேரில் வருபவரிடம் காட்டினால் போதும்.

விளம்பரம் வெளியானவுடன், வீட்டைப் பார்க்காமலே அட்வான்ஸ் அனுப்புவதாக ஒருவர் போன் செய்து க்யூஆர் கோடு ஒன்றை அனுப்பலாம். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.