அளந்து பார்த்து மாற்றுவோம்: மோட்டார் சைக்கிளின் எரிபொருளும் தீப்பொறியும்

இடம்பெயர்ந்து வாழும் விவசாயக் குடும்பத்துக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளல்ல. குடியிருப்பு ஓரிடம், தோட்டம் வேறோரிடம், சந்தை இன்னோரிடம் என்றாகிவிட்ட வாழ்வில் இம்மூன்றையும் இணைப்பது அதுதான். விடியற்காலையில் கத்தரிக்காய்ச் சாக்கு அதில்தான் சந்தைக்குப் போகிறது. மாலையில் உரப்பை அதில்தான் வருகிறது. இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதில்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். அந்த வண்டி ஒரு வாரம் படுத்தால் குடும்பத்தின் வருமானமும் படுத்துவிடும்.

அண்மைக்கால வண்டிகள் பலவற்றில் காபரேற்றர் இல்லை. அதன் வேலையை ஒரு சிறிய மின்னணுப் பெட்டி செய்கிறது. "அந்தப் பெட்டியை நாங்களே மாற்றலாம், பெற்றோல் மிச்சமாகும், இழுவை கூடும்" என்று எமது இளைஞர்கள் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். இதில் உண்மையும் உண்டு, ஏமாற்றும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது எமது பணத்தைக் காப்பாற்றும்.

இயந்திரம் கேட்கும் இரு கேள்விகள்

எந்தப் பெற்றோல் இயந்திரமும் ஓடும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது: எவ்வளவு எரிபொருள்? எப்போது தீப்பொறி?

முதலாவது கேள்விக்கு விடை நிறையில் இருக்கிறது. ஒரு பங்கு பெற்றோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். பாரம் ஏற்றி இழுக்கும்போது பெற்றோல் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும்; அப்போது 13 பங்கு காற்று போதும். பெற்றோல் அளவுக்கு மிஞ்சினால் கரும்புகை வரும், பிளக்கில் கரி பிடிக்கும், காசும் புகையாகப் போகும். குறைந்தால் ஆபத்து வேறு. பாரத்தோடு ஓடும் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறும். பிஸ்ரனில் ஓட்டை விழவும் கூடும்.

இரண்டாவது கேள்விக்கு விடை நேரத்தில் இருக்கிறது. தீப்பொறி விழுந்தவுடன் எல்லாம் ஒரேயடியாக எரிந்து விடுவதில்லை. தீ பரவச் சிறிது நேரம் எடுக்கும். ஆகவே பிஸ்ரன் உச்சிக்கு வருமுன்னரே பொறி விழவேண்டும். மெதுவாக ஓடும்போது உச்சிக்கு 10 முதல் 15 பாகை முன்னதாகவும், வேகமாக ஓடும்போது 30 பாகை அளவு முன்னதாகவும் விழுவது சிறிய இயந்திரங்களில் வழக்கம். அதற்கும் முந்தினால் இரும்பைத் தட்டுவது போன்ற ஓசை எழும், பிஸ்ரன் அடிபடும். பிந்தினால் இழுவை குறையும், சைலன்சர் கொதிக்கும்.

மண்ணெண்ணெய்க் காலம் கற்பித்தது

இந்த இரு கேள்விகளும் எமது மக்களுக்குப் புதியவையல்ல. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. 2002 இன் தொடக்கத்தில்தான் அந்தப் பொருளாதாரத் தடை நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தின் சிறிய ஹொண்டா வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சில சொட்டுப் பெற்றோலில் கிளப்பி, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். தோட்டக்காரருக்கு இது தெரிந்த வேலை. மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்தையும் பெற்றோலில் தொடங்கி, சூடானபின்தானே திருப்பிவிடுகிறோம்?

காரணம் எளிது. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது, சூடு வேண்டும். அது பெற்றோலைவிட எளிதில் தானாகவே வெடித்து எரியக்கூடியது என்பதால் தட்டல் ஓசையும் வரும். பொறியைச் சற்றுப் பிந்த வைத்தால் ஓசை குறையும். ஆனால் இதற்கு ஒரு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலோடு கலக்கும். ஒயில் நீர்த்துப்போகும், வளையங்கள் தேயும்.

கையாலும் காதாலும் எரிபொருளையும் பொறியையும் சரிசெய்த அந்த வேலையைத்தான் இன்று "ரியூனிங்" என்கிறார்கள். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. அன்றைய வித்தையை இன்றைய இன்ஜெக்சன் வண்டியில் காட்ட முடியாது. மண்ணெண்ணெய் ஊற்றினால் அதன் பம்பும் இன்ஜெக்ரரும் சைலன்சரில் உள்ள உணரியும் கெட்டுவிடும். அவற்றைப் புதிதாக வாங்குவது ஏழைக் குடும்பத்துக்கு இயலாத காரியம்.

பெட்டிக்குள் நடப்பது

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. அதன்பின் அங்கு தயாராகும் மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் இன்ஜெக்சன் முறைக்கு மாறின.

இம்முறையில் எரிபொருள் தாங்கியிலுள்ள மின்பம்பு பெற்றோலை அழுத்தத்துடன் இன்ஜெக்ரருக்கு அனுப்புகிறது. இயந்திரத்தின் வேகம், சூடு, காற்றின் அழுத்தம், கைப்பிடி திருகிய அளவு ஆகியவற்றை உணரிகள் பெட்டிக்குச் சொல்கின்றன. சைலன்சரில் உள்ள ஒட்சிசன் உணரி, எரிந்தது சரியா என்று திருப்பிச் சொல்கிறது. பெட்டி தன்னுள் எழுதப்பட்ட அட்டவணையைப் பார்த்து, இன்ஜெக்ரரை எவ்வளவு நேரம் திறப்பது, பொறியை எப்போது விடுவது என்று தீர்மானிக்கிறது. நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும்போது நான்கடிப்பு இயந்திரத்தில் இத்தீர்மானம் விநாடிக்கு 50 தடவை நடக்கிறது. திறந்திருக்கும் நேரமோ விநாடியின் ஆயிரத்தில் சில பங்குகள் மாத்திரமே.

வீட்டிலே செய்த கணினிகள்

இப்பெட்டியைத் தாமே செய்தவர்களும் உண்டு. 2001 இல் புரூஸ் போலிங், அல் கிரிப்போ என்ற இரு அமெரிக்கர்கள் "மெகாஸ்குவேர்ட்" என்ற பெட்டியை உருவாக்கி, அதை மற்றவர்களும் ஒட்டிச் செய்யத்தக்கதாக வெளியிட்டார்கள். பின்னர் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய "ஸ்பீடுயினோ", பள்ளி மாணவர்களும் பழகும் ஆர்டுயினோ பலகையில் இயங்குகிறது. அதன் வரைபடமும் நிரலும் எவருக்கும் இலவசம். எரிபொருளுக்கு 16 வரிசை, 16 நிரல் கொண்ட ஓர் அட்டவணை. பொறிக்கும் அதேபோல் ஒன்று. ஒவ்வொன்றிலும் 256 கட்டங்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்துவதே ரியூனிங்.

இங்கேதான் கவனம் வேண்டும். அந்தக் கட்டங்களை ஊகத்தால் நிரப்ப முடியாது. காற்றுக்கும் பெற்றோலுக்கும் உள்ள விகிதத்தை இலக்கமாகக் காட்டும் அகலவீச்சு உணரி ஒன்று வேண்டும். வண்டியோடு வரும் சாதாரண உணரி "கூட" அல்லது "குறைய" என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. அளவுகருவி இல்லாமல் பெட்டியைத் தொடுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு கிருமிநாசினி கலப்பதற்குச் சமம்.

சந்தையில் "பவர் சிப்" என்று மலிவாக விற்கப்படும் பலவற்றில் இருப்பது ஒரு சிறிய மின்தடை மாத்திரமே. அது காற்று உண்மையிலும் பார்க்கக் குளிர்ந்திருப்பதாகப் பெட்டியை ஏமாற்றுகிறது. பெட்டி கூடுதலாகப் பெற்றோல் விடுகிறது. மிச்சம் பிடிக்க வாங்கிய பொருள் செலவையே கூட்டுகிறது.

நாம் செய்யக்கூடியவை

1. முதலில் அளவுங்கள். தாங்கியை ஓர் அடையாளம் வரை நிரப்பி, வழக்கமான பாதையில், வழக்கமான பாரத்துடன் 100 கிலோமீற்றர் ஓடி, மீண்டும் அதே அடையாளம் வரை நிரப்புங்கள். எத்தனை லீற்றர் பிடித்தது என்று கொப்பியில் எழுதுங்கள். எதை மாற்றினாலும் இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

2. பழைய காபரேற்றர் வண்டியில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் மண்ணிறம் நல்லது. கருங்கரி பெற்றோல் கூடியதையும், வெளிறிய வெண்மை குறைந்ததையும் காட்டும். சிறிய ஹொண்டாக்களில் பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர், பொயின்ற் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர்.

3. பொயின்ற் அடிக்கடி கருகும் பற்றறிக் கொயில் வண்டிகளுக்கு ஒரு திரான்சிஸ்ரர் சுற்றைச் சேர்க்கலாம். அப்போது பொயின்ற் வழியே சிறு மின்னோட்டமே பாயும். அது நீடித்து உழைக்கும். மின்னணு வேலை பழக விரும்பும் இளைஞருக்கு இது நல்ல முதற்பாடம்.

4. இன்ஜெக்சன் வண்டியில் எயார் பில்ற்றரைச் சுத்தமாக வைத்திருங்கள். தாங்கியை அடிவரை வற்றவிடாதீர்கள். உள்ளிருக்கும் பம்பைக் குளிரவைப்பது பெற்றோல்தான். பற்றறியைக் கவனியுங்கள், அது முற்றாக இறங்கினால் பல வண்டிகள் தள்ளினாலும் இயங்கா.

5. சாக்கு ஏற்றக் கரியர் ஒட்டுவிக்கும்போது பற்றறி வயரையும் பெட்டியின் இணைப்பையும் கழற்றிவிட்டே வெல்டிங் செய்வியுங்கள். இல்லையேல் பெட்டி எரிந்துபோகலாம்.

6. எச்சரிக்கை விளக்கு மின்னினால் எண்ணிப் பாருங்கள். ஹொண்டா வண்டிகளில் நீண்ட மின்னல் பத்தையும் குறுகியது ஒன்றையும் குறிக்கும். அந்த எண் எந்த உணரியில் பிழை என்று காட்டும். எண்ணை எழுதிக்கொண்டு கராஜுக்குப் போனால் தேவையற்ற பாகங்களை வாங்க நேராது.

7. பொறி பார்க்கும் இடத்தில் பெற்றோல் திறந்திருக்கக்கூடாது. வேலையை வெளியில், காற்றோட்டத்தில் செய்யுங்கள். பெற்றோலை வாயால் உறிஞ்சி எடுக்கவே வேண்டாம்.

நாற்பது கிலோமீற்றரின் பெறுமதி

2022 ஜூனில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாகியது. அடுத்த மாதம் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றரே கிடைத்தது. லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் வண்டி அதில் 200 கிலோமீற்றர் ஓடும். கவனிப்பின்றி 40 ஆகக் குறைந்த வண்டியோ 160 தான். தோட்டம் 5 கிலோமீற்றர் தொலைவில் உள்ள ஒருவருக்கு இந்த 40 கிலோமீற்றர் நான்கு நாட்கள் போய்வரும் பயணம். நான்கு நாள் தண்ணீர் காணாத மிளகாய்க் கன்றின் நிலையை நாம் சொல்லத் தேவையில்லை.

அகலவீச்சு உணரியையும் மின்னளவியையும் ஒரு குடும்பம் தனியே வாங்குவது கடினம். நீரிறைக்கும் இயந்திரத்தைப் பலர் சேர்ந்து வாங்கியதுபோல, இவற்றையும் ஒரு கிராமிய சங்கம் பொதுவில் வாங்கி வைக்கலாம். மோட்டார் பொறிமுறை பயிலும் ஓர் இளைஞனோ யுவதியோ அவற்றைக் கையாளப் பழகினால் அது அவருக்கு ஒரு தொழிலாகும். ஊருக்கு நம்பிக்கையான ஒரு கை கிடைக்கும். அதுவரை நூறு ரூபாக் கொப்பி ஒன்றும் பேனையும் போதும். இந்த வாரமே முதலாவது 100 கிலோமீற்றரை எழுதத் தொடங்குங்கள்.