கிளம்பாத காரும் கேட்டுப் பெற வேண்டிய நியாயமும்

சேலத்திலிருந்து மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் வழியாக நாமக்கல்லுக்குச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பிரயாணம் செய்பவர் எவரும் இந்தச் சமவெளி மோட்டார் தொழிலையே ஜீவனமாகக் கொண்ட பிரதேசம் என்பதை உடனே கண்டுகொள்வார். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்கு நாமக்கல்லும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடும், சரக்கு லாரிகளுக்குச் சங்ககிரியும் இந்தியா முழுவதும் பெயர் பெற்றவை. இயந்திர ஞானம் இவ்வளவு செழித்த இடத்திலும், விடிந்ததும் வாசலில் நிற்கும் கார் கிளம்ப மறுத்துவிட்டால் அதன் சொந்தக்காரர் கையைப் பிசைந்து நிற்பதும், வந்தவர் சொன்னபடி பேட்டரியையோ செல்ஃப் மோட்டாரையோ மாற்றிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, மறு வாரம் அதே தொல்லையோடு அதே இடத்தில் நிற்பதும் வழக்கமாக இருக்கின்றன. பாகத்தை மாற்றுவதற்கு முன்னால் காரணத்தைக் கேட்பது வாகனம் வைத்திருப்பவரின் உரிமை. அந்த உரிமையைப் பிரயோகிக்க வேண்டிய அளவுக்குச் சில விஷயங்களை அறிந்துகொள்வது அவருடைய கடமையும் ஆகும்.

ஓசையைக் கவனியுங்கள்

சாவியைத் திருப்பியதும் எந்த ஓசையும் இல்லாமல், டாஷ்போர்டு விளக்குகளும் எரியாவிட்டால், பேட்டரி முற்றிலும் இறங்கியிருக்கிறது அல்லது அதன் டெர்மினல் தளர்ந்திருக்கிறது என்று முதலில் கொள்ளலாம். விளக்குகள் மங்கி, ‘டிக் டிக்’ என்று தொடர்ந்து சத்தம் வந்தால் பேட்டரியில் சார்ஜ் போதவில்லை. விளக்குகள் பிரகாசமாக எரிந்தும் ‘டக்’ என்ற ஒற்றைச் சத்தத்தோடு நின்றுவிட்டால் சந்தேகம் செல்ஃப் மோட்டாரின் மேல் விழ வேண்டும். செல்ஃப் வேகமாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காவிட்டால் பேட்டரி குற்றமற்றது. எரிபொருள் வருகிறதா, பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸும் ரிலேயும் சரியாக உள்ளனவா, ஸ்பார்க் பிளக்கில் பொறி உண்டா, டீசல் வண்டியானால் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்ததா, குழாயில் ஏர் லாக் ஆனதா என்று பார்க்க வேண்டும். சாவி உருவம் கொண்ட சிறு விளக்கு விடாமல் மின்னினால், திருட்டைத் தடுக்கும் கருவி சாவியை அடையாளம் காணவில்லை என்பது பொருள். ஆட்டோமேட்டிக் வண்டி கியர் ‘பார்க்’ அல்லது ‘நியூட்ரல்’ நிலையில் இல்லாவிட்டாலும், புதிய கார்கள் பல கிளட்ச்சை முழுவதும் மிதிக்காவிட்டாலும், கிளம்புவதில்லை.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் பாதி விவாதம் அங்கேயே தீர்ந்துவிடும். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே போனால் இறங்கிவிட்டது. செல்ஃப் சுற்றும்போது 9.6க்கும் கீழே விழுந்தால் பேட்டரி சுமை தாங்கவில்லை என்று கருதலாம். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். அவ்வாறு இல்லையென்றால் மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டரில்தான் கோளாறு, புதுப் பேட்டரி போட்டாலும் அது சில நாட்களில் இறங்கியே தீரும்.

டெர்மினலின் மேல் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருக்கும் உப்பே பல சமயங்களில் முழுக் குற்றவாளி. முதலில் நெகட்டிவ் இணைப்பையும் பிறகு பாசிட்டிவையும் கழற்றி, வெந்நீர் விட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நன்கு உலர்த்தி, பாசிட்டிவை முதலில் முடுக்கி, மேலே சிறிது வாசலின் தடவினால், செலவே இல்லாமல் கார் கிளம்பிவிடுவது உண்டு. நாற்பது டிகிரியைத் தாண்டும் சேலத்துச் சித்திரை வெயிலில் பேட்டரியின் தகடுகள் சீக்கிரம் க்ஷீணிக்கின்றன. ஆகவே மூன்று வருஷம் கடந்த பேட்டரியைக் கோடைக்கு முன்பே சோதித்து வைப்பது விவேகம். பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கம் வாழைத் தோட்டத்தையும் கரும்புக் காட்டையும் ஒட்டி வண்டி நிறுத்துகிறவர்கள், பானெட்டைத் திறந்து எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்ற ஆராய்ச்சியில் இறங்கலாம்.

அவசரத்தில் உள்ள அபாயங்கள்

இந்த வட்டாரத்தில் உதவிக்கு முதலில் நிற்பது பெரும்பாலும் ஒரு லாரியாகவே இருக்கும். அந்த டிரைவரின் நல்ல மனமே இங்கு ஆபத்தாக மாறிவிடலாம். பெரிய லாரிகளில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் மின்சாரம் பெறுகிறார்கள். அந்த 24 வோல்ட்டை 12 வோல்ட் காருக்குக் கொடுத்தால் காரின் மின்னணுக் கருவிகள் க்ஷண நேரத்தில் கருகிப்போகலாம், பேட்டரியும் வெடிக்கலாம். ஆகையால் ஜம்பர் கேபிள் போடுவதற்கு இன்னொரு காரையே நாட வேண்டும். சிவப்புக் கேபிளை முதலில் இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவிலும், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவிலும், கறுப்புக் கேபிளை நல்ல பேட்டரியின் நெகட்டிவிலும் மாட்டி, அதன் மறு முனையைக் கிளம்பாத காரின் பேட்டரியில் வைக்காமல், தள்ளியுள்ள இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில் வைக்க வேண்டும். சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளியிடுவதால், கடைசி இணைப்பில் தோன்றும் பொறி அதன் அருகில் நிகழக் கூடாது என்பதே இந்த வரிசைக்குக் காரணம்.

ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. மற்றவற்றிலும், இன்ஜின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டியரிங்கும் இறுகிவிடும் என்பதை மறந்து இறக்கத்தில் உருட்டுவது உயிருக்கே உலை வைப்பதாகும். சேர்வராயன் மலையில் பெய்த மழை திருமணிமுத்தாற்றிலும் தெருக்களிலும் பெருகும் ஐப்பசி நாட்களில், வெள்ளத்தில் நின்ற காரைத் தயவுசெய்து கிளப்பிப் பார்க்காதீர்கள். தண்ணீர் அழுத்தத்துக்கு இணங்காத பொருளாதலால், அது சிலிண்டருக்குள் புகுந்த நிலையில் செல்ஃப் எடுத்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் பாதுகாப்பு பாலிசியில் இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனி அந்த நஷ்டத்தை ஏற்க மறுப்பதும் உண்டு.

தொப்பூர்க் கணவாய் போன்ற இடங்களில் வண்டி நின்றுவிட்டால் பழுதை விட உயிரே பெரிது. நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டு, எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் நல்ல தொலைவில் வைத்து, உள்ளே இருப்பவர்களைச் சாலைத் தடுப்புக்கு அப்பால் நிறுத்திவிட்டு, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033ஐ அழையுங்கள். பிறருக்கு அபாயம் உண்டாகும்படி வாகனத்தைச் சாலையில் விட்டுச் செல்வதை 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு தடை செய்கிறது.

உரிமையும் நிவாரணமும்

2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளின் தரத்தையும் விலையையும், சேவையின் தரத்தையும் கட்டணத்தையும் அறிந்துகொள்வதை நுகர்வோரின் உரிமையாக வகுத்திருக்கிறது. பில் கொடுக்க மறுப்பதை நியாயமற்ற வாணிப முறை என்றும் கூறுகிறது. வண்டியை விடும்போது குறையை எழுதிய ஜாப் கார்டு, வேலைக்கு முன்பே மதிப்பீடு, வேலை முடிந்ததும் பாகம் தனி, கூலி தனி என்று பிரித்த பில், கழற்றிய பழைய பாகம், பேட்டரியானால் தேதியும் வரிசை எண்ணும் குறித்த வாரன்டி கார்டு ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். காரீயமும் அமிலமும் கொண்ட பழைய பேட்டரியைக் குப்பையில் எறியாமல், 2022ஆம் வருஷத்துப் பேட்டரிக் கழிவு விதிகளை அனுசரித்து விற்பனையாளரிடமோ அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமோ சேர்க்க வேண்டும். அதற்குக் கழித்த தொகை பில்லில் தெரிய வேண்டும்.

வெளியே சிறிய பட்டறையில் பழுது பார்த்தால் என்ன ஆகும் என்று அஞ்சுகிறவர்கள் ஒரு தீர்ப்பை நினைவில் கொள்ளலாம். உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் தடுத்ததற்காக, 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அபராதத்தின் மேல் அப்பீல்கள் எழுந்தன. ஆயினும் சுயேச்சையான மெக்கானிக்கின் தொழிலும் வாகனச் சொந்தக்காரரின் தேர்வும் ஒன்றையொன்று சார்ந்தவை என்ற கொள்கை அந்த உத்தரவில் தெளிவாக நிலைநாட்டப்பட்டது.

குறை நேர்ந்தால் முதலில் பட்டறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள்; வேறொரு மெக்கானிக்கின் அபிப்பிராயத்தையும் எழுத்தில் பெறுங்கள்; பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே, இரண்டு வருஷத்துக்குள், புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 50 லட்ச ரூபாய்க்கு மேற்படாத வழக்குகள் அங்கே விசாரிக்கப்படும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டம் சொன்னாலும், சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மாத்திரம் ஒரு வண்டியை வைத்து ஓட்டுகிறவரை அது விலக்கவில்லை. ஒற்றை டாக்ஸியையோ ஒற்றை லாரியையோ நம்பி வாழும் இந்தச் சீமையின் எத்தனையோ குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

என்ன பழுது, அது எப்படித் தெரிந்தது, எவ்வளவு ஆகும் என்ற மூன்று கேள்விகளையும் பணம் எடுப்பதற்கு முன்பே மரியாதையோடு கேளுங்கள். மீட்டரை வைத்துக் காட்டி விடை சொல்லும் நேர்மையான மெக்கானிக்குகள் நம் ஊர்களில் ஏராளம். கேட்கிற வழக்கம் பரவினால் அவர்கள் தொழில்தான் முதலில் செழிக்கும்.