அருகிலேயே ஒரு விடுமுறை

கோடை விடுமுறை வந்ததும் பிள்ளைகள் உதகை, கோடைக்கானல் என்று கேட்கின்றனர். கைப்பொருள் இடந்தராத பெற்றோர் மனம் வருந்துகின்றனர். ஆயினும், தந்தையுடன் ஒரு முழுப் பகலைக் கழித்தறியாத பிள்ளைகள் நம் இல்லங்களில் பலர் உளர். அந்த ஒரு நாளைக் கொடுப்பதற்கு மலைப்பயணம் வேண்டுவதில்லை.

திருச்சி, தஞ்சை வட்டாரத்தில் வாழும் நமக்குக் கல்லணை அருகிலேயே உள்ளது. விடியலில் புளிச்சோறு கட்டிக்கொண்டு புறப்பட்டால் வெயில் ஏறுமுன் சென்றடையலாம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படுவது ஜூன் 12-ஆம் நாளன்று. ஆதலால் மே மாதத்தில் ஆற்றில் நீர் குறைந்திருக்கும். அதுவும் நன்மைக்கே. காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், 1934-இல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாய் ஆகியவற்றுக்கு நீர் பிரியும் இடங்களைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகக் காட்டலாம். கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் இவ்வணை, மணலின்மேல் அடித்தளமிடும் கலையை 19-ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டனுக்கே கற்பித்தது. நாம் உண்ணும் சோறு எவ்வழியே வருகிறது என்பதை அம்மதகுகளின் அருகில் நின்று விளக்குவோமாக.

ஆற்றில் மட்டும் எவரும் இறங்க வேண்டா. மணற்குழிகளின் ஆழம் மேலே தெரியாது.

பெற்றோரே, இம்மாதத்தில் ஒரு நாளை இன்றே குறித்து வைப்போம். அன்று வேறு அலுவல் எதனையும் ஏற்காதிருப்போம்.